என்எஃப்எல் அணி அடுத்த சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்? நீங்களே கணித்துப் பார்க்க ஒரு வழி

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்க விளையாட்டுச் சேனல்களில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பற்றி ஆளாளுக்கு ஆரூடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கூர்ந்து பார்த்தால் பெரும்பாலான ஆரூடங்கள் போன வருடப் பட்டியலின் நகல்தான். மேலே இருந்தவர்கள் மேலே, கீழே இருந்தவர்கள் கீழே, நடுவில் இரண்டு பெயர் மட்டும் இடம் மாறியிருக்கும். ஆனால் 1990 முதல் ஒவ்வொரு சீசனிலும், முந்தைய வருடம் பிளேஆஃப் (லீக் கட்டத்துக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்று) பக்கமே வராத நான்கு அணிகளாவது புதிதாக உள்ளே நுழைந்திருக்கின்றன. அப்படியென்றால் பழைய பட்டியலைப் பார்த்து எழுதுகிறவர் தப்பாமல் தவறப்போகிறார்.

இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே நாம் கணிக்கலாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிக்கூடக் கணக்கு. இவ்வளவு போதும்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: என்எஃப்எல்லில் 32 அணிகள். ஏஎஃப்சி, என்எஃப்சி என்று இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணி. 2021 முதல் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம் (அதற்கு முன் 16). 14 அணிகள் பிளேஆஃப் போகும். லீக் கட்டத்தில் மொத்தம் 272 ஆட்டங்கள். இந்த 272ஐ ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 1: வெற்றி தோல்வியை மறைத்துவிட்டுப் புள்ளிகளைப் பாருங்கள்

ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் எந்த சீசனின் பட்டியலையும் இலவசமாகப் பார்க்கலாம். அதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இரண்டே எண்களை எடுங்கள்: அந்த அணி அடித்த மொத்தப் புள்ளிகள், எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளிகள். எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்ற எண் இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் என்பதற்கு 2022 மினசோட்டா வைக்கிங்ஸைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த வருடம் 13 வெற்றி, 4 தோல்வி. கேட்டால் பிரமாதமான அணி என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் அடித்தது 424 புள்ளி, விட்டுக்கொடுத்தது 427. அதாவது 13 ஆட்டம் ஜெயித்த அணி, மொத்தத்தில் எதிராளிகளைவிடக் குறைவாக அடித்திருக்கிறது!

இது எப்படி நடந்தது? ஜெயித்த 13இல் 11 ஆட்டங்கள் எட்டுப் புள்ளி அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தவை. எட்டு என்பது ஒரே ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி) அதன் கூடுதல் இரண்டு புள்ளியும் சேர்ந்து ஈடுகட்டிவிடக்கூடிய தூரம். அப்படிப்பட்ட இழுபறி ஆட்டங்களில் அவர்கள் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை, 11-0. தோற்ற நான்கிலோ செம அடி. டாலஸிடம் 40-3, கிரீன் பேயிடம் 41-17.

அந்த 11இல் ஒன்று, நவம்பரில் பஃபலோ பில்ஸுடன் நடந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, பில்ஸ் நான்கு புள்ளி முன்னிலை, பந்தும் அவர்கள் கையில். தங்கள் கோல் கோட்டை ஒட்டி நின்று பந்தை வாங்கிக் கட்டிப்பிடித்தாலே ஏறக்குறைய முடிந்தது கதை. பில்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஆலன் கைக்கு வந்த பந்து நழுவியது, வைக்கிங்ஸின் எரிக் கெண்ட்ரிக்ஸ் அதன்மேல் விழுந்தார், டச்டவுன். கடைசியில் கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் 33-30 என்று ஜெயித்தார்கள். அடுத்த மாதம் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸிடம் பாதி ஆட்டத்தில் 33-0 என்று பின்தங்கியிருந்துவிட்டு 39-36 என்று ஜெயித்தது இன்னொன்று. என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது. பார்க்க அற்புதம்தான். ஆனால் அடுத்த வருடமும் எதிரணி குவார்ட்டர்பேக் அதே இடத்தில் பந்தை நழுவவிடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

2023இல் வைக்கிங்ஸ் 7-10, அதாவது 7 வெற்றி, 10 தோல்வி. குவார்ட்டர்பேக் கர்க் கஸின்ஸுக்குப் பாதி சீசனில் குதிகால் தசைநார் அறுந்தது உண்மை. ஆனால் அதுவரை நடந்த எட்டு ஆட்டங்களிலேயே அவர்கள் 4-4தான்.

படி 2: புள்ளியை வெற்றியாக மாற்றுங்கள்

பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று உண்டு. அதை டேரில் மோரி அமெரிக்கக் கால்பந்துக்குப் பொருத்தியபோது அடுக்கு எண் 2.37 என்று அமைந்தது. அடித்த புள்ளியை 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். விட்டுக்கொடுத்ததையும் அப்படியே உயர்த்துங்கள். முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 17ஆல் பெருக்கினால், அந்த அணி நியாயமாகப் பெற்றிருக்க வேண்டிய வெற்றிகள் வரும். எக்செல்லில் அடுக்குக்கு ^ குறி.

இதற்கே தலை சுற்றினால் குறுக்குவழி இருக்கிறது. புள்ளி வித்தியாசத்தை 38ஆல் வகுத்து 8.5உடன் கூட்டிக்கொள்ளுங்கள். அதாவது 38 புள்ளிக்கு ஒரு வெற்றி. நடுத்தர அணிகளுக்கு இது மேலே சொன்ன சூத்திரத்தை ஒட்டியே வரும். ரொம்ப மோசமான, ரொம்பப் பிரமாதமான அணிகளுக்கு மட்டும் சற்று விலகும். வைக்கிங்ஸுக்குப் போட்டுப் பாருங்கள்: கழித்தல் 3, வகுத்தல் 38, கூட்டல் 8.5. விடை 8.4. ஜெயித்தது 13.

ஒரு எச்சரிக்கை. கடைசி வாரத்து ஸ்கோரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். பிளேஆஃப் இடம் முன்பே உறுதியான அணிகள் அந்த வாரம் முக்கிய வீரர்களை உட்காரவைத்துவிடும். 2024 கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அப்படித்தான் டென்வரிடம் 38-0 என்று தோற்றார்கள். முழு சீசனில் அவர்கள் 15-2, அடித்தது 385, விட்டது 326, வித்தியாசம் 59. கணக்குப்படி 10 வெற்றி. அந்த ஒரு ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு மீதி 16ஐ 17க்கு விரித்தால் வித்தியாசம் 103 ஆகிறது, வெற்றி 11.2. நியாயமான எண் இதுதான் என்பேன். அப்படியும் 15க்கு எவ்வளவு தூரம் பாருங்கள்.

படி 3: நடுவை நோக்கி இழுங்கள்

பலர் தாண்டிக் குதித்துவிடும் படி இது. எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

32 அணிகளும் அச்சு அசலாக ஒரே பலம், ஒவ்வொரு ஆட்டமும் நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு அணி 17இல் 11 அல்லது அதற்கு மேல் ஜெயிக்க ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது 32 அணியில் ஏறத்தாழ ஐந்து அணிகள் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 11 வெற்றியைத் தொட்டுவிடும். 17 ஆட்டம் என்பது அவ்வளவு சின்ன சாம்பிள். புள்ளி வித்தியாசத்திலும் இந்த அதிர்ஷ்டம் கலந்தே இருக்கிறது, வெற்றி எண்ணிக்கையைவிடக் குறைவாக, அவ்வளவுதான். கீழே விழுந்த ஃபம்பிளை (கைநழுவிய பந்தை) யார் எடுப்பார்கள் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று எந்தக் கோச்சும் பயிற்சி தர முடியாது.

அதனால் படி 2இல் வந்த எண்ணுக்கும் 8.5க்கும் நடுப்புள்ளியை எடுங்கள். சீஃப்ஸுக்கு 11.2க்கும் 8.5க்கும் நடுவே, சுமார் 10. ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற புள்ளிவிவரத் தளம் தன் ஈலோ மதிப்பீட்டை (அணியின் பலத்தைக் காட்டும் எண்) ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு சராசரி பக்கம் இழுத்துவந்தது. நம்முடையது கரடுமுரடான கணக்கு, எனவே பாதி இழுப்பதே பாதுகாப்பு.

படி 4: குவார்ட்டர்பேக்

இதுவரை செய்தது எந்திர வேலை. இங்கேதான் சொந்தப் புத்தி வேண்டும். அணியில் 53 பேர் இருந்தாலும், ஒரு சீசனின் விதியைத் தனியாளாகப் புரட்டக்கூடியவர் குவார்ட்டர்பேக் ஒருவர்தான்.

மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் ஆடியவரேதான் இந்த வருடமுமா? போன வருடம் காயத்தால் எத்தனை ஆட்டம் விட்டார்? புது ஆள் என்றால், பழையவரைவிட ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி மேல் அல்லது கீழ்? கடைசிக் கேள்விக்கு உத்தேச விடை போதும். ஆட்டத்துக்கு 3 புள்ளி மேல் என்று நினைத்தால், 17 ஆட்டத்துக்கு 51 புள்ளி, அதை 38ஆல் வகுத்தால் ஒன்றேகால் வெற்றிக்குச் சற்று அதிகம். அதைக் கூட்டுங்கள். ஒரே ஆளுக்காக மூன்று வெற்றிக்கு மேல் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

புதுமுகங்கள் விஷயத்தில் அடக்கி வாசியுங்கள். 2023 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் இடத்தில் பிரைஸ் யங்கைக் கரோலைனா பேந்தர்ஸ் எடுத்தது, இரண்டாம் இடத்தில் சி.ஜே. ஸ்ட்ரவுடை ஹூஸ்டன் டெக்சன்ஸ் எடுத்தது. பேந்தர்ஸ் அந்த வருடம் 2-15. முந்தைய வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்திருந்த டெக்சன்ஸ் 10-7. அடுத்த வருடம் ஜேடன் டேனியல்ஸ் வந்ததும் வாஷிங்டன் கமாண்டர்ஸ் 4-13இலிருந்து 12-5க்குத் தாவியது. கமாண்டர்ஸின் 2023 புள்ளிகள் 329-518. நம் குறுக்குவழிக் கணக்கு, நடுவுக்கு இழுத்த பிறகும், 6 வெற்றிதான் சொல்லியிருக்கும். புதுக் குவார்ட்டர்பேக்குக்கு ஒன்று கூட்டினால் 7. இத்தனை பெரிய தாவலை எந்தச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லாது.

பெரிய பெயரும் உத்தரவாதம் இல்லை. 2023இல் நியூயார்க் ஜெட்ஸுக்கு வந்த ஆரன் ராட்ஜர்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து நான்காவது முறை ஆட்டத்துக்கு வந்தபோதே) காயப்பட்டு அந்த சீசனுக்கு விடைபெற்றார். ஜெட்ஸ் 7-10. அதே ராட்ஜர்ஸ் 2019இல் கிரீன் பேயில் இருந்தபோது அணி 13-3. புள்ளி வித்தியாசம் 63 மட்டும் என்பதால், இவர்கள் அடுத்த வருடம் இறங்குவார்கள் என்று நம்மைப் போன்ற கணக்குப்பிள்ளைகள் அடித்துச் சொன்னோம். 2020இல் 509 புள்ளி அடித்து மறுபடி 13-3. ராட்ஜர்ஸுக்கு எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருது வேறு.

படி 5: மற்ற சில்லறைகள்

கோச் மாற்றம், டிராஃப்ட், மார்ச்சில் தொடங்கும் வீரர் கொள்முதல் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் ஒரு வெற்றி கூட்டலாம் அல்லது கழிக்கலாம். சம்பள உச்சவரம்பு (2024இல் 255.4 மில்லியன் டாலர்) எல்லா அணிக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் நட்சத்திரத்தை வாங்கினால் இன்னொரு பக்கம் யாரையோ விட்டிருப்பார்கள். செய்தியில் வருவது வாங்கியது மட்டும்.

போன சீசனில் காயங்களால் நொந்த அணிக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பந்தைப் பறிகொடுத்ததைவிட மிக அதிகமாகப் பறித்த அணிக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

படி 6: அட்டவணை

மே மாதம் அட்டவணை வெளியானதும் ஊரே இதைப் பற்றிப் பேசும். அவ்வளவு பேச ஒன்றுமில்லை. ஒரே டிவிஷனில் உள்ள நான்கு அணிகளுக்கும் 17இல் 14 ஆட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: டிவிஷனுக்குள் ஆறு, சொந்தக் கான்ஃபரன்ஸின் இன்னொரு டிவிஷனோடு நான்கு, எதிர்க் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு நான்கு. மீதி மூன்றுதான் போன வருடம் டிவிஷனில் பிடித்த இடத்தைப் பொறுத்தவை. முதலிடம் பிடித்தவர் முதலிடக்காரர்களோடு, கடைசி இடத்தவர் கடைசி இடத்தவரோடு.

எதிரணிகளின் பலத்தைப் போன வருட வெற்றிகளை வைத்து எடைபோடாதீர்கள். படி 4 வரை நீங்களே போட்ட எண்களின் சராசரியை எடுங்கள். ரொம்பக் கடினமான அட்டவணைக்கு அரை வெற்றி கழித்தல், எளிதானதற்கு அரை கூட்டல். போதும்.

படி 7: கூட்டிப் பாருங்கள்

32 அணிகளின் எண்களையும் கூட்டுங்கள். 272 வர வேண்டும். ஒரு அணி ஜெயித்தால் இன்னொன்று தோற்றாக வேண்டுமே (சமன் ஆவது அபூர்வம், விட்டுவிடலாம்). முதல் முறை செய்கிறவர்களுக்கு 285, 290 என்றுகூட வந்து நிற்கும், ஏனென்றால் கூட்டுவதற்குக் காரணம் சுலபமாகக் கிடைக்கும், கழிக்கத்தான் மனம் வராது. அதிகப்படியை 32ஆல் வகுத்து எல்லோரிடமும் கழித்துவிடுங்கள்.

டிவிஷன் அளவிலும் ஒரு பார்வை பாருங்கள். நான்கு அணிகளுக்குள் நடப்பது 12 ஆட்டம். நால்வருக்கும் 11 வெற்றி போட்டிருந்தால், மொத்தம் 44இல் அந்த 12 போக, வெளியாட்களோடு ஆடும் 44இல் 32ஐ அவர்கள் ஜெயிக்க வேண்டும். நம்ப முடிகிறதா?

படி 8: வீச்சாக எழுதுங்கள், பிறகு சோதியுங்கள்

வெறும் நாணயச் சுண்டலிலேயே 17 ஆட்டத்துக்கு இரண்டு வெற்றி இப்படியோ அப்படியோ போவது சகஜம். உங்கள் அனுமானத் தவறும் சேரும்போது மூன்று என்று வையுங்கள். ஆக சீஃப்ஸுக்கு 2025க்கான கணிப்பு "10" அல்ல, "7 முதல் 13". உண்மையில் நடந்தது 6-11, அந்த வீச்சுக்கும் வெளியே. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் டிசம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியேறிய ஆட்டத்தின் முடிவிலேயே அவர்கள் 6-8. 32 அணிகளில் சில இப்படி வெளியே போகத்தான் செய்யும். ஒன்றுகூடப் போகவில்லை என்றால் வீச்சை அநியாயத்துக்கு அகலமாக வைத்திருக்கிறீர்கள்.

வரும் சீசனுக்குப் போடும் முன் பழைய சீசன் ஒன்றில் ஒத்திகை பாருங்கள். 2023 புள்ளிகளை வைத்து 2024ஐக் கணியுங்கள். படி 1 முதல் 3 வரை மட்டும் போதும். நடந்தது தெரிந்த பிறகு குவார்ட்டர்பேக்குக்கு மதிப்பெண் போடுவது காப்பியடிப்பது மாதிரி. ஒவ்வொரு அணிக்கும் கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து (கழித்தல் குறியை விட்டுவிட்டு) சராசரி போடுங்கள். பக்கத்து நெடுவரிசையில் எல்லா அணிக்கும் கண்ணை மூடிக்கொண்டு 8.5 என்று போட்டு, அதன் சராசரிப் பிழையையும் எடுங்கள். மூன்றாவது நெடுவரிசையில் போன வருட வெற்றிகளையே கணிப்பாக வையுங்கள். இந்த இரண்டு சோம்பேறி முறைகளோடும் உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள்.

இந்த வருடத் தாளை செப்டம்பர் முதல் ஆட்டத்துக்கு முன்பே தேதி போட்டு நண்பர்கள் யாருக்காவது அனுப்பிவிடுங்கள், நடுவில் திருத்தும் சபலம் வராது. படி 3 வரை வந்த எண் ஒரு நெடுவரிசையிலும், படி 4க்குப் பிறகு நீங்கள் கைவைத்த எண் இன்னொன்றிலும் இருக்கட்டும். ஜனவரியில் சரிபார்க்கும்போது, உங்கள் கைவண்ணம் எந்த அணிக்கு உதவியது, எந்த அணிக்குக் கெடுத்தது என்று தனித்தனியாகத் தெரியும். பெரும்பாலும் சொந்த ஊர் அணியில்தான் கெடுத்திருக்கும்.