ஆஃப்ரோடு போய்வந்த வண்டி: சேறு காய்வதற்குள் செய்யும் தவறுகள்

கூடலூர் பக்கம் நண்பருடைய எஸ்டேட்டில் இரண்டு நாள் சுற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். வண்டி மஹிந்திரா தார், 2020இல் வந்த புது மாடல், டீசல். கூரை வரைக்கும் சேறு. மறுநாள் காலையில் இரண்டு வேலை செய்தேன். வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டேன். வாஷ் முடிவதற்குள் செல்போனில் ஒரு லைட் பார், அதாவது வண்டிக்கு வெளியே மாட்டும் நீளமான விளக்கு, ஆர்டர் போட்டேன். இரண்டுமே தப்பு என்று புரிய மூன்று வாரம் ஆனது. பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்ஸிலிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக் அடியில் படுத்து ஆக்ஸிலின் ஆயில் பிளக்கைத் திறந்தார். வந்தது ஆயில் நிறத்தில் இல்லை, டீக்கடை டீ நிறத்தில் இருந்தது.

தண்ணீரை உள்ளே விட்டது வாட்டர் வாஷ் கடை இல்லை, நான் கடந்துவந்த ஓடை. ஆனால் ஓடை விட்டுப்போன தடயத்தை அழித்தது அந்த வாஷ்தான். சக்கரத்தின் உள்பக்கம், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் ஓரத்தில் ஈரமாக ஒரு கசிவு இருந்திருக்கும். காய்ந்த சேற்றின் மேல் புது ஆயில் பட்டால் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். கழுவிய பிறகு எல்லாமே ஒரே மாதிரி மின்னும்.

அதனால் கழுவுவதற்கு முன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் படுங்கள். புதிதாக வெள்ளி போலச் சுரண்டிய இடம் எது? எந்த போல்ட்டைச் சுற்றிச் சேறு வெடித்து ஒரு கோடு விழுந்திருக்கிறது? அந்த போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூ ஜாயிண்ட் கப்பைச் சுற்றிச் செந்நிறத் தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் செத்து, ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபடுகிறது. சக்கரத்தின் மேல் வளைவில் டயர் உரசிய தடம் இருந்தால் அதையும் படம் எடுத்துவையுங்கள். பிற்பாடு பெரிய டயர் போட ஆசை வரும்போது அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

இப்படிச் சொல்வதால் சேற்றை ஒரு வாரம் அப்படியே விட்டுவிடலாம் என்று இல்லை. அதற்கும் தண்டனை உண்டு. ரிம்மின் உள்பக்கம் கால் கிலோ சேறு ஒரே இடத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அதைப் பார்த்துப் பயந்து அலைன்மென்ட், பேலன்சிங், புது ரப்பர் புஷ் என்று செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியிருந்தால் போதும். பின் பிரேக் இந்த வண்டியில் டிரம். உள்ளே போன சேறு வெளியே வராது, உப்புத்தாள் போல லைனிங்கைத் தின்னும். டிரம்மைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வண்டி நகராது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது மேல். ரேடியேட்டரை மட்டும் பிரஷர் கன் பக்கம் காட்டாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், சேறும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் இறுகிக்கொள்ளும். சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட வேண்டும், அவ்வளவுதான்.

சூடான ஆக்ஸில், குளிர்ந்த ஓடை

என் வண்டிக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் ஆஃப்ரோடு போய்வந்த வண்டிகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கு சீல் எல்லாம் ஒழுங்காக இருக்கும் வண்டிக்கு. மலையேறி வந்த ஆக்ஸில் உள்ளே நன்றாகச் சூடாக இருக்கும். சட்டென்று ஓடையில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். அந்த மூச்சுக்காகத்தான் ஆக்ஸில் மேல் ப்ரீதர் என்ற சின்னக் குழாய் இருக்கிறது. அதன் வாயில் சேறு அடைத்திருந்தால் ஆக்ஸில் வேறு வழியாக மூச்சு விடும்: ஆயில் சீல் வழியாக, தண்ணீரையும் சேர்த்து. எனக்கு அடைத்திருந்தது.

தண்ணீர் கலந்த ஆயில் பற்களுக்கு நடுவில் படலமாக நிற்காது. பேரிங் முதலில் போகும், பிறகு ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியன். இதைக் கண்டுபிடிக்க வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்திவையுங்கள். ஆயிலை விடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். காலையில் கீழ் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது எது என்று பார்த்துவிடலாம். வண்டி ஓடித் தண்ணீர் ஏற்கெனவே ஆயிலோடு கலந்துவிட்டிருந்தால் பால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

இதிலும் ஒரு தவறு உண்டு, அனுபவசாலிகளே செய்வார்கள். கீழ் பிளக்கைத் திறந்து முழு ஆயிலையும் இறக்கிவிட்டு, அப்புறம் மேலே ஊற்றும் பிளக்கைத் திறக்கப் போவார்கள். அது துருப்பிடித்து இறுகியிருக்கும். இப்போது ஆயிலும் இல்லை, ஊற்ற வழியும் இல்லை, வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. எப்போதும் மேல் பிளக் முதலில்.

இன்னொன்று, கடையில் 'கியர் ஆயில்' என்று பொதுவாகக் கேட்டு வாங்கி எல்லா இடத்திலும் ஊற்றுவது. ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரம் கேட்பார்கள். அதே ஆயிலை ஜிஎல்-4 கேட்கும் மேனுவல் கியர் பாக்ஸில் ஊற்றினால், அதில் கலந்திருக்கும் கந்தக மருந்து கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். வண்டியோடு வந்த கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். பொதுவாக யாரும் படிக்காத புத்தகம் அது.

எஞ்சினுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் சாவியைத் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்று மாதிரி அது அமுங்காது. பிஸ்டன் முட்டும், கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராடோடு சில நாள் ஓடிவிட்டுப் பிறகு நெடுஞ்சாலையில் உடைந்த எஞ்சின்களும் உண்டு. தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, பெட்டியின் அடியில் சேற்றுக்கோடு இருந்தாலோ, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உடைந்தது எல்லாம் பலவீனமா?

சரி, இப்போது மேம்படுத்துவதற்கு வருவோம். இங்கேதான் பணம் கரைகிறது. எதுவாவது வளைந்தால் உடனே 'ஹெவி டியூட்டி' ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வளைந்ததா? இரண்டு மடங்கு தடிமனில் ஒன்று போடு. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. டை ராட் வளைந்தால் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம், செலவும் தாங்கும். அது வளையாமல் நின்றால் அந்த அடி எங்கே போகும்? ஸ்டீயரிங் ராக்குக்குப் போகும். வீட்டில் ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவோமா? ஒரு பாகத்தை வலுப்படுத்தும் முன், அடுத்து உடையப் போவது எது, அதன் விலை என்ன, காட்டுக்குள் அதை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

நடுக்கத்தை மறைக்க ஸ்டீயரிங் டேம்பர் என்ற சின்ன ஷாக் அப்சார்பரை மாட்டுவதும் இதே ஜாதித் தவறுதான். முன்பக்கம் முழு ஆக்ஸில் இருக்கும் ஜிப்ஸி, பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் வெறிபிடித்தது போல ஆடும். தேய்ந்த பால் ஜாயிண்ட்டோ, கிங் பின்னோ, தளர்ந்த புஷ்ஷோ காரணமாக இருக்கும். புது டேம்பர் போட்டால் ஆட்டம் சில மாதம் அடங்கும். தேய்மானம் அடங்காது.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். என் தாரின் 255/65 ஆர்18 டயர் ஏறக்குறைய 31 அங்குல விட்டம். 33 அங்குலம் போட்டால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு அங்குலம் கூடினால் ஆக்ஸிலுக்கு அடியில் கிடைப்பது ஒரு அங்குலம்தான், ஏனென்றால் ஆக்ஸில் இருப்பது சக்கரத்தின் நடுவில். பதிலுக்கு ஒவ்வொரு கியரும் 6 சதவீதம் நீளும். மேட்டில் கிளட்ச் எரியும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85இல் போகும். பிரேக்குக்கு வேலை கூடும், பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனத்தில் கதவுக் கீல் தொய்யும். முதலில் ஒரு நல்ல பிரஷர் கேஜும் சின்ன கம்ப்ரஸரும் வாங்குங்கள். 20 பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்கிய சாதாரண டயர், 35இல் இறுகிய விலையுயர்ந்த மட் டயரை விடக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற மறந்தால் மட்டும் கதை வேறு: பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட்டிலும் கணக்கு இதே மாதிரிதான். தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். உயரம் கூடினால் முன் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் மூட்டான சிவி ஜாயிண்ட்டின் கோணம் கூடும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கிழிந்த அன்றைக்கே மாற்றினால் பூட்டும் கிரீஸும்தான் செலவு. அடுத்த ட்ரிப் வரை விட்டால் ஜாயிண்ட்டே போகும். கிட் மாட்டும் இடத்தில் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டி லிஃப்டில் தொங்கும்போதே சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுவார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கைக்கு மட்டும் முறுக்கி, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டிலிருந்து எல்லாவற்றையும் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். நான் இதைச் சொன்னபோது ஒரு கடையில், "அதெல்லாம் தேவைப்படாது சார்" என்றார்கள். இடது முன் சக்கரத்தில் இரண்டு நட்டு கையாலேயே சுழன்றது.

இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்தால் முன் அச்சுக்கு முன்னால் ஒரு ஆளின் எடை நிரந்தரமாக உட்காரும். ஸ்பிரிங்கை மாற்றாமல் அதைப் போட்டால், வாங்கிய உயரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. தவிர, முன்பக்கம் மாட்டும் இரும்புக் கார்டுகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர் பேக் சென்சாருக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அது ஆபத்து. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரர் 'எல்லோரும் போடுகிறார்கள்' என்பார். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும் நாளில் கடைக்காரர் வர மாட்டார்.

செலவே செய்யாமல் மிச்சம் பிடிக்கும் இடம் ஒன்று இருந்தால், அது மீட்புச் சாமான் இல்லை. லாரியில் ஏற்றும்போது கட்ட வைத்திருக்கும் மெல்லிய வளையத்திலோ, ட்ரெய்லர் இழுக்கும் பந்திலோ கயிறு மாட்டி, சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பந்து உடைந்தால் பீரங்கிக் குண்டு. ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சட்டகத்தில் போல்ட் போட்ட, எடை குறிப்பிட்ட கொக்கி இரண்டும், கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் 19 மில்லிமீட்டர் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டும் வேண்டும்: ஷேக்கிளின் மேலேயே 4.75 டன் என்று பொறித்திருக்கும். ட்ரிப் முடிந்ததும் நைலான் கயிற்றை வாளித் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உள்ளே தங்கும் மணல் ஒவ்வொரு இழுப்பிலும் நூலை அறுக்கும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளை ஒருமுறை நின்று பாருங்கள். பெரும்பாலும் பழைய மஹிந்திராக்கள். அந்தப் பாறைப் பாதையில் விடியும் முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள். ஓட்டுநர் ஒருவரிடம் என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மாற்றமா? தினமும் கிரீஸ் அடிப்பேன், சனிக்கிழமை ஸ்பிரிங் பட்டையில யூ போல்ட் எல்லாம் முறுக்குவேன்" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் ஆக்ஸிலுக்குப் பேரிங் இரண்டும் சீலும் மாற்றினோம், கிரவுன் தப்பித்தது. ப்ரீதரில் சில நூறு ரூபாய்க்கு நீளமான ரப்பர் குழாய் மாட்டி, எஞ்சின் அறைக்கு மேலே வரை கொண்டுபோய்க் கட்டினோம். அதன் பிறகு நான்கு தடவை ஓடை கடந்தாயிற்று, ஆயில் தேன் நிறத்தில்தான் வருகிறது. லைட் பார் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. ரிலே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னதோடு அந்த ஆசையும் போனது.