கவுன்சலிங் அறைக்கு முன்பே வகுப்பறை இருக்கிறது: பாடம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர் நலன் என்று பேச்செடுத்தாலே பல்கலைக்கழகங்கள் ஒரு கவுன்சலிங் அறையைத் திறக்கும், அப்புறம் ஒரு யோகா வகுப்பு வைக்கும். வேண்டியவைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டமாக 8 நாடுகளில் 19 கல்லூரிகளில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வில், முதலாண்டு மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. இத்தனை பேரை எந்தக் கவுன்சலிங் அறையும் தாங்காது. அவர்களில் பெரும்பாலோர் வகுப்புக்கு மட்டும் வந்து போகிறவர்கள். ஆகவே பாடம் நடத்தும் விதத்திலேயே சரிசெய்ய நிறைய இருக்கிறது.

எதற்கு மதிப்பெண் என்று சொல்லாமல் விடுவதைத்தான் நான் முதலில் வைப்பேன். திருத்தி வந்த அசைன்மென்டைப் பாருங்கள்: மேலே சிவப்பு மையில் 11/20, கீழே ‘இன்னும் ஆழம் தேவை’. எந்தப் பத்தியில்? என்ன மாதிரி ஆழம்? அடுத்த முறை அதை எழுதிய மாணவி இரண்டு மடங்கு பக்கம் எழுதுவாள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வாள், மறுபடி 11 வாங்குவாள். பாடம் கடினமாக இருந்தால் உழைத்துப் பார்க்கலாம். என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் எதை உழைப்பது? முந்தைய ஆண்டு விடைகளில் நல்லது ஒன்று, சுமாரானது ஒன்று என எடுத்து, பெயரை மறைத்து, மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். விடைத்தாளில் நீளமாக எழுதும் குறிப்புகளைவிட இது பலன் தரும்.

அடுத்தது கெடு தேதிகள். ஐந்து பாடத்துக்கும் ஒரே வெள்ளிக்கிழமை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அவரவர் பாடத்தை மட்டும் பார்ப்பதால் வரும் வினை. செமஸ்டர் தொடங்கும்போது துறையில் எல்லோரும் ஒரே நாட்காட்டியில் குறித்தாலே தீர்ந்துவிடும்.

மொத்த மதிப்பெண்ணையும் கடைசித் தேர்வில் வைப்பதும் தவறு. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, தேர்வு எழுதி நினைவுக்குக் கொண்டுவருவது ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நன்றாக நிற்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். அதனால் சிறு தேர்வுகள் நல்லவை. அதற்காக ஒவ்வொன்றையும் இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்த்தால் செமஸ்டர் முழுக்கத் தேர்வு பயம்தான். சிலவற்றுக்கு மதிப்பெண்ணே வேண்டாம்.

இத்தனை பேருக்குத்தான் ‘ஏ’ கிரேடு என்று அளந்து கொடுக்கும் வழக்கத்தையும் விடலாம். நண்பனுக்கு நோட்ஸ் கொடுத்தால் நமக்கு நஷ்டம் என்ற கணக்கு அங்கே தொடங்கிவிடும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கிரேடை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் வைத்தது. மாணவர்களின் மனநிலை மேம்பட்டது, படிப்பு குறையவில்லை என்று 2009-இல் அறிக்கை வந்தது.

சரி, எல்லாவற்றையும் லேசாக்கிவிட்டால் நலன் வந்துவிடுமா? வராது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு இதில் கண்திறப்பு. தாங்களே கணக்குப் போட்டு, விவாதித்துப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். முதல் வகுப்பிலேயே ‘இது தடுமாற்றமாக இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள்.

‘இதுகூடத் தெரியாதா’ என்று எல்லோர் முன்னாலும் கேட்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ஆசிரியரே மனநல ஆலோசகராக மாறுவதும் தவறுதான். தொடர்ந்து வராத மாணவருக்கு ‘இரண்டு வாரமாகக் காணோம், எல்லாம் சரிதானே?’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மனம் திறந்தால் கேளுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தெரிந்தால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், அன்றைக்கே ஆலோசகரிடம் நீங்களே உடன் அழைத்துப் போங்கள்.