400 இனங்களின் காட்டைக் கணினியில் வளர்ப்பது எப்படி?

இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏறினால் பாசி படர்ந்த கீனா மரங்களும் அவற்றின் அடியில் நெலுப் புதர்களும் நெருங்கி நிற்கும். ஒரு காட்டில் 400 இனங்கள் என்று வைத்துக்கொண்டால், எது எதை எவ்வளவு நெருக்குகிறது என்று சொல்ல 159,600 எண்கள் வேண்டும். அவற்றை அளந்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஒவ்வொரு மூலக்கூறையும் பின்தொடராமலே வாயுவின் அழுத்தத்தைக் கணிக்கும் புள்ளியியல் இயற்பியல்தான் இங்கே கைகொடுக்கிறது. எண்களை எழுமாறாக எடுப்போம். அவற்றின் இடையையும் (சராசரி) நியமவிலகலையும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) மட்டும் நாம் தீர்மானிப்போம்.

பைத்தான் நிரல்மொழியும் அதன் கணித நூலகங்களான நம்பை, சைபையும் போதும். எக்செலில் தொடங்காதீர்கள், பாதி வழியில் கைவிடுவீர்கள்.

முதலில் லொட்கா–வொல்டெரா சமன்பாடு: ஒன்றையொன்று நெருக்கும் இனங்களின் தொகை (எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) எப்படி மாறுகிறது என்று சொல்வது. 1இலிருந்து இனத்தின் சொந்தத் தொகையைக் கழியுங்கள்; மற்ற 399 இனங்களின் தொகைகளை அவற்றின் தாக்கத்தால் பெருக்கிக் கூட்டி, அதையும் கழியுங்கள். விடையைச் சொந்தத் தொகையால் பெருக்கினால் மாற்றவீதம்.

அடுத்தது தாக்கங்களின் தாயம், அதாவது எந்த இனம் எந்த இனத்தை எவ்வளவு நெருக்குகிறது என்ற எண்களின் கட்டம். மூலைவிட்டம் சுழியம், சொந்தத் தொகையை ஏற்கெனவே கழித்துவிட்டோம். இடை 4/400. நியமவிலகல் சிக்மா/√400; சிக்மா என்பது சிதறலைக் கூட்டிக் குறைக்க நாம் கொடுக்கும் எண்.

அந்த √ குறியை விட்டுவிட்டு நான் இரண்டு வாரம் தவித்தேன். 400ஆல் வகுத்ததால், சிக்மாவை எவ்வளவு கூட்டினாலும் காடு அசையவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பார்த்த பிறகே விளங்கியது. 400 பேரின் நிறையில் ஆளுக்கு ஒரு கிலோ அளவில் கூடவோ குறையவோ இருந்தால், மொத்தத்தில் பிழை 400 கிலோ ஆகாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுமார் 20 கிலோவில் நிற்கும். இடை 400 மடங்காகச் சேரும், சிதறல் √400 மடங்காகத்தான் சேரும். ஆகவே இரண்டையும் வெவ்வேறாக வகுக்க வேண்டும்.

இப்போது சிக்மா 0.8 கொடுத்து, வெவ்வேறு தொடக்கத் தொகைகளுடன் இருமுறை ஓட்டுங்கள். இரண்டும் ஒரே முடிவில் வந்து அடங்கும். 1.8 கொடுத்தால் தொகைகளின் கோடுகள் அடங்காமல் ஏறி இறங்கும். இந்த இரண்டு சிக்மாக்களுக்கும் நடுவிலுள்ள எல்லை √2, ஏறத்தாழ 1.41, இயற்பியலாளர் கை புனின் (Guy Bunin) 2017இல் இந்த மாதிரிக்குக் காட்டியது. பன்மை மிகுந்தால் நிலைப்பு குலையலாம் என்று சூழலியலாளர் ராபர்ட் மே 1972இலேயே எழுமாறு தாயங்களைக் கொண்டு வாதிட்டிருந்தார்.

பிற்சேர்க்கை: தொகைகள் மறைப் பெறுமானமாகின்றன என்று இருவர் எழுதியிருந்தார்கள். தொகைக்குப் பதிலாக அதன் மடக்கைக்குச் (log) சமன்பாட்டைத் தீருங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் 0.000001 அளவு குடியேற்றமும் சேருங்கள், இல்லாவிட்டால் 1.8இல் இனங்கள் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்புவதே இல்லை. பிறகு எஞ்சும் இனங்களை எண்ணுங்கள். இனங்கள் மிகப் பெருகும்போது, √2 எல்லையில் தப்பிப்பவை சரிபாதி என்பது கோட்பாட்டின் கணிப்பு. உங்கள் 400இல் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள்.