ஓர் அமெரிக்க அமைச்சரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அமைச்சரவையில் இருந்த ஒருவரைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் பதவிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். அப்பதவிகள் அவரை ஏன் தேடி வந்தன என்பதே முதலில் ஆராய வேண்டியது. அங்கே அமைச்சர்கள் தேர்தலில் வென்று வருவதில்லை. குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் சபை ஒப்புதல் அளிக்கிறது. ஆகவே நியமித்தவருக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜார்ஜ் கார்ட்டெல்யூவை (1862–1940) எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் பிறந்த இவர் சுருக்கெழுத்தராக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தவர். குடியரசுக் கட்சிக்காரரான இவரை ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டே முதலில் அமர்த்திக்கொண்டார் என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இவரை உயர்த்தியது கட்சிச் செல்வாக்கு அல்ல, வேலைத்திறன் என்பதற்கு அதுவே சான்று. அடுத்து வந்த குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் செயலாளரானார். 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ கண்காட்சியில் மெக்கின்லி சுடப்பட்டபோது இவர் அருகில் இருந்தார்; பாதுகாப்புக் கருதி அந்தப் பொதுச் சந்திப்பை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்க முயன்றவரும் இவரே. இந்தப் பகுதிக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

பிறகு, மெக்கின்லி இறந்ததும் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் கீழ் 1903இல் புதிய வணிக, தொழிலாளர் துறையின் முதல் அமைச்சர், 1905இல் அஞ்சல் துறைத் தலைவர், 1907இல் கருவூல அமைச்சர். அஞ்சல் துறைக்கு ஒரு வரி போதும். ஆனால் ரூஸ்வெல்ட் போட்டியிட்ட 1904 தேர்தலில் கட்சித் தலைவராக இருந்து, முன்பு தம் துறையின் கண்காணிப்பில் இருந்த பெருநிறுவனங்களிடமே நிதி திரட்டினார் என்று எதிர் வேட்பாளர் பார்க்கர் சாட்டிய குற்றத்தை ஒளிக்கக் கூடாது. ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும், காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்தது அடுத்த ஆண்டு விசாரணையில் வெளிவந்ததையும் அருகருகே வைத்து எழுதுவதே நேர்மை.

1907 அக்டோபர் நிதி நெருக்கடியை விளக்குமுன், அப்போது அமெரிக்காவில் மத்திய வங்கி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல், அவர் நியூயார்க் வங்கிகளில் 2.5 கோடி டாலர் அரசுப் பணத்தை வைப்பாக இட்டதன் பொருள் வாசகருக்குப் பிடிபடாது. நெருக்கடியைத் தணித்ததில் வங்கியாளர் ஜே. பி. மோர்கனின் பங்கையும் குறைக்கக் கூடாது.

1909இல் பதவி முடிந்ததும் குறிப்பை முடித்துவிடுவது வழக்கமான குறை. அதன்பின் 1935 வரை நியூயார்க்கின் கன்சாலிடேட்டட் எரிவாயு நிறுவனத்துக்கு அவர் தலைவராக இருந்தார். அமைச்சராக இருந்த காலத்தைவிட அது பல மடங்கு நீண்டது.