வெப் படத்தில் எது வானம், எது கண்ணாடி? கண்டுபிடிப்பது எப்படி

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் ஒன்றைப் பெரிய திரையில் திறந்துகொள்ளுங்கள். 2022 ஜூலையில் வெளியான எஸ்மேக்ஸ் 0723 கேலக்ஸிக் கூட்டத்தின் படம் இதற்குத் தோதானது. என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விளிம்பு விளைவு (விளிம்புகளைத் தாண்டும்போது ஒளி வளைந்து பரவுவது) நடத்தும்போது இதைத்தான் காட்டுகிறேன்.

பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து நீளும் ஒளிக்கீற்றுகளை எண்ணுங்கள். எட்டு வரும். நீளமான ஆறும் அறுகோண ஆடித் துண்டுகளின் விளிம்புகளால் வருபவை. குட்டையான இரண்டு, முன்னால் இருக்கும் சின்ன ஆடியைத் தாங்கும் மூன்று கால்களில் ஒன்றால் வருபவை. மற்ற இரண்டு கால்களின் கீற்றுகள் எங்கே போயின? ஆடியின் கீற்றுகள் மேலேயே போய் விழும்படி அந்தக் கால்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேலக்ஸிகளின் ஒளி பரவிக் கிடப்பதால் பெரும்பாலும் கீற்று தெரியாது. நடுப்பகுதி மிகப் பிரகாசமாக இருந்தால் மட்டும் அவற்றுக்கும் முளைக்கும்.

சரி, ஆடி துண்டு துண்டாக இருந்தால் படம் மங்காதா? மட்டம் தப்பினால் மங்கும். வெப்பின் ஆடி 6.5 மீட்டர், தங்கம் பூசிய 18 பெரிலியம் துண்டுகள். 2022 பிப்ரவரியில் எச்டி 84406 என்ற ஒரே நட்சத்திரம் அதில் 18 புள்ளிகளாகத் தெரிந்தது. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். புள்ளி ஒன்றானது, வெளிச்சம் 18 மடங்கானது. கூர்மை மட்டும் 1.3 மீட்டர் ஆடி ஒன்று தரும் அளவிலேயே நின்றது. அப்புறம் துண்டுகளின் உயர வேறுபாட்டை நானோமீட்டர் கணக்கில் சரிசெய்து, எல்லா ஒளி அலைகளும் ஒரே கட்டத்தில், அதாவது முகடோடு முகடு பொருந்தி, வந்து சேரும்படி செய்தார்கள். அப்போதுதான் கூர்மை ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடியது. கணக்குப்படி, நடுப்புள்ளியின் செறிவு ஒரு துண்டு தருவதைப்போல 18 × 18, அதாவது 324 மடங்கு. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் 36 துண்டுகளை நொடிக்கு இருமுறை இப்படித் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

நட்சத்திரத்தை ஒட்டி மங்கலான புள்ளி ஏதும் கண்ணில் பட்டால் உடனே அதைக் கோள் என்று எண்ணிவிடாதீர்கள். அதே படத்தில், ஏறக்குறைய அதே பிரகாசமுள்ள இன்னொரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அதே திசையில், அதே தூரத்தில் அங்கும் ஒரு புள்ளி இருந்தால் அது ஆடியின் வேலை. ஒப்பிடும் இரண்டும் ஒரே ஃபில்டரில் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் வடிகட்டியில்) எடுத்தவையாக இருக்க வேண்டும். அலைநீளம் கூடக்கூட இந்தக் கோலம் முழுவதுமே விரிந்துகொண்டு போகும்.