ஸ்டன் கன்னா, சின்ன பிஸ்டலா? தற்காப்புக்கு எது சரி, எப்படி முடிவு பண்றது

தற்காப்புக்கு ஏதாவது ஒண்ணு கையில வெச்சுக்கணும்னு நினைக்கறவங்க எடுத்த எடுப்புல கேக்கறது "எதுல பவர் ஜாஸ்தி"ன்னுதான். அத கொஞ்சம் தள்ளி வைங்க. ஆள் எவ்ளோ தூரத்துல இருப்பான், எனக்கு எத்தனை செகண்ட் கிடைக்கும், வாங்கினப்புறம் நான் இத எடுத்துப் பழகுவேனா, இந்த மூணுக்கும் உண்மையா பதில் சொல்லிட்டீங்கன்னா பாதி முடிவு தானா வந்துடும். ஏன்னா ஸ்டன் கன்னோ பிஸ்டலோ, நீங்க வாங்கறது தப்பிச்சு ஓடறதுக்கான நேரத்தைத்தான், எதிராளிய ஜெயிக்கறதுக்கு இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். ஸ்டன் கன் எல்லாத்தையும் சேத்து டேசர்னு சொல்லிடறாங்க, ஆனா ரெண்டு வகை இருக்கு, ரெண்டும் வேலை செய்யற விதமே வேற.

ஒண்ணு தொட்டு ஷாக் குடுக்கறது. முனையில ரெண்டு உலோகக் கம்பி, நடுவுல நீலமா பொறி பறக்கும், சத்தம் கேட்டாலே பயமா இருக்கும். இதோட டப்பால பத்து லட்சம் வோல்ட், அம்பது லட்சம் வோல்ட்னு போட்டிருப்பான், தயவுசெஞ்சு அத நம்பி வாங்காதீங்க. காத்துல ஒரு சென்டிமீட்டர் பொறி தாவறதுக்கே சுமார் 30,000 வோல்ட் வேணும், அப்போ நிஜமாவே பத்து லட்சம் வோல்ட் இருந்தா பொறி ஒரு அடிக்கு தாவணும், ஆனா அந்த ரெண்டு கம்பிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியே மூணு நாலு சென்டிமீட்டர்தான், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. இந்த வகை செய்யறது முக்கியமா வலி குடுக்கறதுதான். கம்பி ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால கரன்ட் சின்ன இடத்துலயே ஓடி முடிஞ்சுடும், உடம்பு முழுக்க முடங்காது. குடிச்சிருக்கறவன், போதையில இருக்கறவன், வெறியில வர்றவன் வலிய தாங்கிட்டு மேல வந்துட்டே இருப்பான். அதோட சில செகண்ட் விடாம அழுத்திப் பிடிக்கணும், அவன் துள்ளிட்டே இருப்பான், உங்க கை அவன் கைக்கு எட்டற தூரத்துல இருக்கும். அது எவ்ளோ ஆபத்துன்னு சொல்லவே வேண்டாம். அவன் உங்கள பிடிச்சிட்டு இருக்கும்போது ஷாக் வெச்சா உங்களுக்கும் அடிக்குமான்னு நிறைய பேர் பயப்படறாங்க, கரன்ட் அந்த ரெண்டு முனைக்கு நடுவுலதான் ஓடும், அதனால பொதுவா உங்களுக்கு வராது.

இன்னொண்ணு ஊசி பாய்ச்சற வகை, அதுதான் சரியான அர்த்தத்துல டேசர். ஜாக் கவர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி 1970கள்ல உருவாக்கினது. அழுத்தின காத்து தள்ளி ரெண்டு ஊசி மெல்லிசான ஒயரோட பறந்து போய் குத்தும், பொதுமக்களுக்கு விக்கற மாடல்கள் சுமார் 15 அடி வரைக்கும் எட்டும். ரெண்டு ஊசியும் தள்ளித் தள்ளி குத்தினா நடுவுல இருக்கற தசை எல்லாம் இறுகிப் போய் ஆள் கட்டை மாதிரி விழுவான், அங்க வலி தாங்கற சக்தியெல்லாம் எடுபடாது, மனசு சொன்னாலும் தசை கேக்காது. போலீஸ் கருவி ஒரு தடவை அழுத்தினா 5 செகண்ட் ஓடும், பொதுமக்களுக்கான சில மாடல் 30 செகண்ட் ஓடும். காரணம், கருவிய அங்கயே கீழ போட்டுட்டு நீங்க ஓடணும். அத எடுத்துட்டுப் போகணும்னு நின்னுடாதீங்க.

இதோட பலவீனம் என்னன்னு தெரிஞ்சுட்டுதான் வாங்கணும். ரெண்டு ஊசியும் குத்தணும், ஒண்ணு தவறினாலும் சர்க்யூட் முழுசாகாது, கரன்ட் ஓடாது, ஒண்ணுமே நடக்காது. தொளதொளன்னு தடிமனான ஜாக்கெட் போட்டிருந்தா ஊசி துணியிலயே தொங்கும். பல மாடல்ல ரெண்டு ஊசியும் சுமார் 8 டிகிரி கோணத்துல பிரிஞ்சு போகும், அதாவது ஏழு அடி தூரத்துக்கு ஊசிகளுக்கு நடுவுல ஒரு அடி இடைவெளி வரும், அந்த ஒரு அடியாவது இருந்தாத்தான் உடம்பு நல்லா முடங்கும். ரொம்ப கிட்ட வந்தப்புறம் சுட்டா ஊசி ரெண்டும் ஒரே இடத்துல குத்தி, வெறும் வலியோட நின்னுடும். அப்படி ஆயிடுச்சுன்னா கருவியோட முனைய அவன் உடம்புல வேற இடத்துல, தொடையிலயோ இடுப்புலயோ அழுத்துங்க, ஊசிக்கும் முனைக்கும் நடுவுல கரன்ட் பரவும். இந்த ஒரு விஷயத்த பழகாம டேசர் வெச்சிருக்கறவங்கதான் ஜாஸ்தி. அதோட பெரும்பாலான மாடல்ல ஒரே ஷாட், ரெண்டு பேர் வந்தா கஷ்டம்தான்.

உயிருக்கு ஆபத்தே இல்லன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ஆள் கையக்கூட ஊனாம விழுவான், தலை தரையில மோதலாம், கண்ணுல ஊசி பாயலாம், இதயக் கோளாறு இருக்கறவங்களுக்கு ஆபத்து இருக்கு. பெட்ரோல் வாடை இருக்கற இடத்துலயும், ஆல்கஹால் கலந்த பெப்பர் ஸ்ப்ரே அடிச்ச ஆள் மேலயும் பயன்படுத்தவே கூடாது, பொறி பட்டா தீப்பிடிக்கும்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். சின்ன துப்பாக்கி, புதுசா பழகறவங்களுக்கு ஈஸின்னு கடைக்காரங்களே சொல்லித் தள்ளிடறாங்க, உண்மை நேர்மாறானது. துப்பாக்கி எவ்ளோ லேசோ அவ்ளோ உதைக்கும். 380ங்கற அளவு ரவை போடற பாக்கெட் பிஸ்டல் சிலது 300 கிராம் கூட இருக்காது, சுட்டா கைய அப்படியே உதறும். குழல் குட்டை, குறி பாக்கற ரெண்டு முனையும் கிட்ட கிட்ட, அதனால கை மயிரிழை ஆடினாலும் குண்டு எங்கயோ போகும். ஸ்லைடு, அதாவது பிஸ்டலோட மேல்பாகத்த, பின்னாடி இழுக்கறதுக்கு விரல்ல நல்ல பலம் வேணும், மணிக்கட்ட தளர்த்திப் பிடிச்சா ரவை சிக்கிக்கும். சின்ன ரிவால்வர்ல சிக்கற பிரச்சனை கம்மி, ஆனா பெரும்பாலும் அஞ்சு ரவைதான், ட்ரிக்கரும் ரொம்ப கெட்டி. பிஸ்டல்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா பாக்கெட்டுல மறையற மிகச் சின்னத விட்டுட்டு, அரைக் கிலோ எடையில, சுண்டு விரலும் பிடியில உக்கார்ற மாதிரி 9 எம்எம் அளவு ரவை போடற ஒரு பிஸ்டல் பாருங்க.

சுட்டா ஆள் பின்னாடி பறந்து போவான்னு திரையில பாத்து நம்பிட்டிருக்கோம், அப்படியெல்லாம் நடக்காது. எஃப்பிஐ 1989-ல வெளியிட்ட ஒரு அறிக்கையில, இதயமே சிதைஞ்சா கூட மூளையில மிச்சம் இருக்கற ஆக்ஸிஜன வெச்சு ஒருத்தன் 10, 15 செகண்ட் முழுசா செயல்பட முடியும்னு சொல்லியிருக்காங்க. மூளையிலயோ முதுகுத் தண்டுலயோ பட்டாத்தான் உடனே நிப்பான். தவறின குண்டு அங்கயே நிக்காது, மெல்லிசான சுவர தாண்டி அடுத்த ரூம்ல தூங்கற குழந்தை வரைக்கும் போகும். நான் மாத்திக்க முடியாத அபிப்ராயம் ஒண்ணு இங்க சொல்லிடறேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பழக மாட்டேன்னா பிஸ்டல் வாங்காதீங்க.

இதுக்கும் மேல ஒண்ணு, ரொம்ப பேர் பேசவே தயங்கறது. வீட்ல யாராவது மனசு உடைஞ்சு போயிருக்காங்க, வாழ பிடிக்கலன்னு பேசறாங்கன்னா அந்த வீட்டுக்குள்ள துப்பாக்கி வரவே கூடாது, ஏற்கனவே இருந்தா வெளிய பாதுகாப்பான இடத்துல குடுத்துடுங்க. மத்த பல வழியில தற்கொலைக்கு முயற்சி பண்றவங்கள்ல நிறைய பேர் பிழைச்சுக்கறாங்க, துப்பாக்கியில பத்துக்கு எட்டு ஒம்பது பேர் திரும்பி வர்றதில்ல. குழந்தைங்க இருக்கற வீட்லயும் பூட்டற பெட்டி இல்லாம வெக்காதீங்க, பீரோ மேல வெச்சா எட்டாதுன்னு நினைக்கறது தப்பு, ஏறிடுவாங்க.

தூரக் கணக்கு ரெண்டுக்கும் பொதுவானது. 1983-ல அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் நேரம் வெச்சுப் பாத்தாரு, கத்தியோட ஒருத்தன் 21 அடிய ஒன்றரை செகண்ட்ல ஓடி வந்துடறான். ஹேண்ட்பேக்ல சாவி, சார்ஜர், டிஷ்யூ எல்லாத்துக்கும் அடியில கிடக்கற எதுவும் அந்த ஒன்றரை செகண்ட்ல வெளிய வராது. எது வாங்கினாலும் ஒரே இடத்துல, ஒரே கைக்கு வர்ற மாதிரி வைங்க, தினமும் போடற டிரஸ்லயே எடுத்துப் பழகுங்க. பிஸ்டல்னா ட்ரிக்கர முழுசா மூடற ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம், வீட்ல பழகும்போது ரவை எல்லாத்தையும் வேற ரூம்ல வெச்சிட்டு, சேம்பர, அதாவது சுடறதுக்கு முன்னாடி ரவை உக்கார்ற இடத்த, கண்ணால பாத்து விரலால தொட்டும் பாத்துட்டு ஆரம்பிங்க. டேசர்னா பேட்டரியையும் ஊசியும் ஒயரும் இருக்கற கார்ட்ரிட்ஜ் மேல போட்டிருக்கற காலாவதி தேதியையும் அப்பப்ப பாருங்க, டிராயர்லயே கிடந்து சார்ஜ் தீர்ந்து போறதுதான் சகஜமா நடக்கற கோளாறு.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் சட்டத்த பாத்துடுங்க. பிரிட்டன்ல ஸ்டன் கன் கூட 1968 சட்டப்படி தடை செஞ்ச ஆயுதம், வெச்சிருந்தாலே குற்றம். பொதுவா எங்கயும் துப்பாக்கிய எடுத்து சுடறது உயிரைப் பறிக்கற பலத்த பயன்படுத்தறதுக்கு சமம், உயிருக்கே ஆபத்துன்னு காட்ட முடிஞ்சாத்தான் நிக்கும். டேசர் அதுக்கு ஒரு படி கீழ.

அதனால எங்கிட்ட கேக்கறவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு நான் சொல்றது ஊசி பாய்ச்சற டேசர்தான். பிஸ்டல், விடாம பழகறவங்களுக்கும், பூட்டி வெக்கற ஒழுங்கு இருக்கறவங்களுக்கும். தொட்டு ஷாக் குடுக்கறத மட்டும் நம்பி இருக்காதீங்க, கையில வேற எதுவுமே இல்லன்னா சரி, அவ்ளோதான்.

ஒருவேளை பயன்படுத்த வேண்டி வந்துட்டா, ஓடி வெளிச்சமும் ஆளுங்களும் இருக்கற இடத்துக்குப் போயிட்டு போலீசுக்கு போன் பண்ணுங்க, எங்க இருக்கீங்க, என்ன டிரஸ் போட்டிருக்கீங்க, அவன் எங்க விழுந்து கிடக்கான், ஆம்புலன்ஸ் வேணும்னு சொல்லுங்க. ஊசிய நீங்க பிடுங்காதீங்க, டாக்டர் பாத்துக்கட்டும். கையில பிஸ்டல் இருந்தா போலீஸ் கண்ணுல படறதுக்கு முன்னாடி அத ஹோல்ஸ்டர்ல போட்டுட்டு ரெண்டு கையும் காலியா தெரியற மாதிரி நில்லுங்க, ஏன்னா வர்ற போலீஸ்காரருக்கு தெரியறது துப்பாக்கியோட நிக்கற ஒரு ஆள் மட்டும்தான்.