2 டாலர் பங்கு, உள்ள பூரா ரிஸ்க்கான வீட்டுக்கடன்: வாங்கலாமா?

போன வாரம் மலேசியாவுல, நம்ம சுங்கை சிப்புட்ல மாமாக் கடையில தே தாரேக் குடிச்சிட்டு இருக்கேன், செம்பனை தோட்டத்துல லோரி ஓட்டுற தம்பி ஒருத்தன் போனை நீட்டுறான், அண்ணே அமெரிக்க கம்பெனி, வீட்டுக்கடனா வாங்கிக் குவிச்சிருக்கான், 40 டாலர்ல இருந்த பங்கு இப்ப 2 டாலர், இதுக்கு மேல எங்கண்ணே இறங்கும்னு. சைபருக்கு இறங்கும்டான்னேன்.

முதல்ல பாக்க வேண்டியது விலை இல்ல, கம்பெனியோட சொந்தக் காசு எவ்வளவுன்னுதான். அமெரிக்க பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற எஸ்இசியோட எட்கார் தளத்துல டென்-கேங்கற வருஷக் கணக்கு அறிக்கை சும்மாவே கிடைக்குது, மொத்த சொத்தை ஈக்விட்டியால, அதாவது அந்த சொந்தக் காசால, வகுத்துப் பாருங்க. 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) வீட்டுக்கடன் பத்திரம், அதுல சொந்தக் காசு 5, மிச்சம் 95 வெளியில கடன் வாங்குனதுன்னா, அது 20 மடங்கு, பத்திரம் 5 சதவீதம் இறங்குனாலே பங்குக்காரனுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் 2007 கடைசில கிட்டத்தட்ட 30 மடங்குல நின்னுச்சு, 2008 செப்டம்பர் 15ல திவால்.

அடுத்தது புக் வேல்யூ, அதாவது கணக்குப்படி கடன் போக ஒரு பங்குக்கு மிஞ்சுற சொத்து, இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் விழுறாங்க. புக் வேல்யூ 10, பங்கு 2, அப்ப சீப்புதானேன்னு. அந்த 10ஐ யார் போட்டதுன்னு பாக்கணும். சொத்துக்கு எப்படி விலை போட்டாங்கன்னு அறிக்கையில லெவல் ஒன், டூ, த்ரீன்னு பிரிச்சிருப்பாங்க, லெவல் த்ரீன்னா சந்தையில விலையே கிடைக்காது, கம்பெனியே தன் கணக்கு வச்சு போட்டுக்கிட்ட விலை. அது ஈக்விட்டியை விட பெருசா இருந்தா நான் அதோட மூடி வச்சிடுவேன். பேர் ஸ்டேர்ன்ஸ்னு இன்னொரு முதலீட்டு வங்கி, புக் வேல்யூ பங்குக்கு 80 டாலருக்கு மேலன்னு சொன்னுச்சு, 2008 மார்ச்ல ஒரு வெள்ளிக்கிழமை 30 டாலர்ல மூடுச்சு, ஞாயித்துக்கிழமை அதை வாங்க வந்த ஜேபி மோர்கன் பேங்க் குடுக்குறேன்னு சொன்ன விலை 2, அப்புறம் போராடித்தான் 10 ஆச்சு.

பேர் ஸ்டேர்ன்ஸைக் கொன்னது கடன் மட்டும் இல்ல, பத்திரத்தை அடகு வச்சு ராத்திரிக்கு ராத்திரி புதுப்பிக்கிற ரெப்போ கடன். அடகு கடையில சங்கிலி வச்சிருக்கீங்க, திடீர்னு இன்னும் ரெண்டு வளையல் கொண்டா இல்லாட்டி சங்கிலியை வித்துடுவேங்கறான், அதே கதைதான். 30 வருஷ வீட்டுக்கடனை 30 நாள் காசுல தாங்கிட்டு நிக்கிறானான்னு பாருங்க.

அரசாங்கம் காப்பாத்திடும்லன்னு தம்பி கேட்டான். கம்பெனியை காப்பாத்தும், உன்னை இல்ல. ஃபேனி மே, ஃப்ரெடி மேக்னு ரெண்டு பெரிய அமெரிக்க வீட்டுக்கடன் கம்பெனி, ரெண்டையும் 2008ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, கம்பெனி இன்னைக்கும் ஓடுது, ஆனா பங்குல 79.9 சதவீதம் வரைக்கும் வாங்குற உரிமையை அப்பவே எழுதி வாங்கிட்டாங்க, சாதாரண பங்குக்கு லாபத்துல குடுக்குற டிவிடெண்டும் நின்னுச்சு.

டிவிடெண்ட் 15 சதவீதம்னு வாயைப் பொளக்காதீங்க, மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்ல, அந்த டிவிடெண்ட்ல 30 சதவீதம் வரி பிடிச்சிட்டுத்தான் வரும்.

இவ்வளவும் பாத்து சரியா வந்தாலும் மோட்டார் தவணை, பிள்ளை ஸ்கூல் காசுல கை வைக்காம, போனா போகட்டும்ங்கற காசுல மட்டும். தம்பி 300 வெள்ளின்னான், சரி, முதல்ல அந்த லெவல் த்ரீ பக்கத்தைக் காட்டுன்னேன், போன்ல தேடிக்கிட்டே இருந்தான், தே ஆறிப்போச்சு.